நீரைச் சுமப்பதா, மீனை மட்டும் சுமப்பதா? ஊர்விட்டு ஊர் போகும் நன்னீர் மீன் காட்சிக்கு மூன்று வழிகள்

பொது நிகழ்ச்சிகளுக்கு நன்னீர் மீன்களைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று முடிவானதும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?" என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மீனோடு நீரும் பயணம் செய்யப் போகிறதா, இல்லை மீன் மட்டும் போய் அந்த இடத்து நீரில் இறங்கப் போகிறதா? எந்த வண்டி, எத்தனை ஆட்கள், எவ்வளவு மின்சாரம், எந்த மீன் என்பதெல்லாம் இதற்குச் சொல்லும் பதிலை ஒட்டியே அமையும்.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. ட்ரெய்லரில் நிரந்தரமாகப் பொருத்திய பெரிய தொட்டி ஒன்று. நிகழ்விடத்தில் வரிசையாக நிறுத்தும் சிறு தொட்டிகள் இன்னொன்று. மேலிருந்து குனிந்து பார்க்கும் திறந்த வட்டத் தொட்டி மூன்றாவது.

ட்ரெய்லர்த் தொட்டி

கூட்டத்தை இழுப்பதில் இதற்கு ஈடு கிடையாது. ஒரு முழ நீளக் கெண்டை கண்ணெதிரே திரும்புவதைப் பார்ப்பவர்கள் சட்டென்று நகர்வதில்லை. 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம் என்று வைத்துக்கொள்வோம். அது 3,000 லிட்டர். நீர் மட்டுமே 3 டன். சட்டகம், தொட்டிச் சுவர், ஃபில்டர், நீரைக் குளிர்விக்கும் சில்லர், ட்ரெய்லரின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் சாதாரணக் கார் இழுக்கக்கூடிய அளவைத் தாண்டிவிடும். கனரக வண்டியும் அதை ஓட்ட உரிமம் உள்ளவரும் வேண்டும்.

இதில் பலர் தவறுவது, நீரோடு ஓட்டலாம் என்று எண்ணுவதில். வண்டி ஓரளவு கடுமையாகப் பிரேக் போடும்போது வேகக் குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு இருக்கலாம். அப்போது திறந்த தொட்டியின் நீர்மட்டம் 27 டிகிரி அளவுக்குச் சாயும். 3 மீட்டர் நீளத் தொட்டியில் முன்பக்க நீர் முக்கால் மீட்டர் மேலேற முயலும். பாதி நிரம்பிய தொட்டிதான் மிக மோசம். நீர் முன்னும் பின்னும் மோதி வண்டியையே தள்ளும். விளிம்பு வரை நிரப்பி மூடியை இறுக்கிவிட்டால் அலை எழாது. ஆனால் அந்த விசை அழுத்தமாக மாறும். காற்றுத் துளை பின்பக்கத்தில் இருந்தால், அதே பிரேக்கில் முன்சுவர்மேல் கூடுதலாக வரும் அழுத்தம் ஒன்றரை மீட்டர் ஆழ நீரின் அழுத்தத்துக்குச் சமம். நிற்கும்போது அடித்தளத்தில் இருக்கும் அழுத்தத்தைவிட இது அதிகம். நின்ற நிலைக்கென்று கணக்கிட்ட தொட்டி இதைத் தாங்காது. குறுக்குத் தடுப்புகள் வைத்தால் அலை அடங்கும், ஆனால் அவை பார்ப்பவர்களின் பார்வையை மறைக்கும்.

ஆகவே எங்கள் பரிந்துரை இது: காட்சித் தொட்டி காலியாகவே ஓடட்டும். மீன்கள், குறுக்குத் தடுப்பு உள்ள தனிப் பயணத் தொட்டியில் வரட்டும். நீரோடு ஓடியே தீர வேண்டுமானால் அதை ஒரு பொறியாளர் ஓட்ட நிலைக்கென்றே கணக்கிட்டு வடிவமைக்க வேண்டும். வெல்டிங் பட்டறையின் அனுபவம் மட்டும் போதாது. இரண்டிலும் தொட்டியின் எடைமையம் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கொக்கியின்மேல் இறங்க வேண்டிய எடையை ட்ரெய்லர் தயாரிப்பாளரிடம் கேட்டு, ஏற்றிய நிலையில் எடைபோட்டுப் பாருங்கள்.

சுவருக்கு அக்ரிலிக்தான் பொருத்தம். எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு, அதிர்வில் எளிதில் உடையாது, வெப்பம் கடத்துவதும் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. குளிர்நீர் மீன் வைப்பவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது முக்கியம்: ஈரக்காற்றில் 14 டிகிரி நீர் வைத்த கண்ணாடித் தொட்டியின் வெளிப்பக்கம் வியர்த்து, மீனே தெரியாமல் போகும். அக்ரிலிக்கின் குறை இரண்டு. ஒன்று கீறல். மண் ஒட்டிய துணியால் ஒருமுறை துடைத்தாலே கோடு விழும். ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்கள் பட்டால் நுண்விரிசல்கள் படரும். மென்மையான சோப்பு நீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். இன்னொன்று வெப்பத்தில் நீளுவது. 3 மீட்டர் பலகை 20 டிகிரி ஏற்றத்தில் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். எஃகுச் சட்டத்தில் இடைவெளியின்றி இறுக்கிப் பிடித்தால் அது வளையும், ஒட்டுகள் பிரியும்.

கண்மட்டத்தையும் பாருங்கள். ட்ரெய்லர்த் தளம் தரையிலிருந்து 60 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஐந்தாறு வயதுக் குழந்தையின் கண் ஒரு மீட்டர் உயரத்தில்தான். அடியில் படுத்திருக்கும் கெளுத்தி மட்டும் அதற்குத் தெரியும். கைப்பிடியோடு நீளமான படிமேடை ஒன்றைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 60 செ.மீ. என்று கொண்டால், இருபுறமும் திறந்த 3 மீட்டர்த் தொட்டியைச் சுற்றி ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் நிற்க முடியும். நீரின் ஒளிவிலகலால் 1 மீட்டர் அகலம் முக்கால் மீட்டராகத்தான் தோன்றும். உள்ளே வைக்கும் கட்டைகளை நெருக்கினால் தொட்டி மேலும் குறுகித் தெரியும்.

சிறு தொட்டிகளின் வரிசை

120 × 45 × 50 செ.மீ. தொட்டிகள் ஆறு. 45 செ.மீ. வரை நிரப்பினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 240 லிட்டர், மொத்தம் 1,450 லிட்டர் அளவு. இதன் பெரிய நன்மை, ஒன்று கெட்டால் மற்ற ஐந்தும் தப்பும் என்பது. ஒரு தொட்டியில் நீர் கலங்கினாலோ நோய்க்குறி தெரிந்தாலோ துணியால் மூடிவிட்டுக் காட்சியைத் தொடரலாம். ட்ரெய்லர்த் தொட்டியில் அப்படி ஒரு வசதி இல்லை. இரையாகும் மீனையும் இரை தின்னும் மீனையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டவும், ஓடை, குளம், ஆற்றடி என்று சூழல்வாரியாகப் பிரிக்கவும் இதில்தான் முடியும்.

10 மி.மீ. கண்ணாடியில் இந்த அளவுத் தொட்டி வெறுமனே 55 கிலோ வரும். 12 மி.மீ. அக்ரிலிக் என்றால் 31 கிலோ. ஆண்டுக்குப் பத்துமுறை ஏற்றி இறக்கப் போகிறவர்கள் அக்ரிலிக் எடுப்பது முதுகுக்கும் நல்லது, ஒட்டுகளுக்கும் நல்லது. கண்ணாடித் தொட்டியை விளிம்பில் பிடித்துத் தூக்கித் தூக்கியே மூலைச் சிலிக்கான் விடும். துளி நீர்கூட உள்ளே இல்லாமல், அடியில் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

தாங்கி இரும்புச் சட்டம், மேலே 18 மி.மீ. ப்ளைவுட், அதன்மேல் 10 மி.மீ. நுரைத்தாள். நான்கு கால்களிலும் திருகி உயர்த்தும் பாதம் வேண்டும். தரை சமமில்லாத இடத்தில் ஒரு கால் சில மில்லிமீட்டர் தொங்கினாலும் தொட்டி முறுக்கப்பட்டு அடிக்கண்ணாடி மூலையில் விரியும். அது நிரப்பும்போதே நடக்காது. பெரும்பாலும் சில மணி நேரம் கழித்து, கூட்டம் நிற்கும்போது நடக்கும். ரசமட்டத்தை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வைத்துப் பார்த்து, கால்பங்கு நிரப்பி, மறுபடி பார்த்த பிறகே மீதியை நிரப்புங்கள்.

நிரம்பிய தொட்டி தாங்கியோடு 320 கிலோவைத் தொடும். அது அரை சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் இறங்குவதால் சதுர மீட்டருக்கு 600 கிலோ. கூட்ட அரங்குகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிலோவுக்குக் கணக்கிடப்படும். தரைத்தளக் கான்கிரீட்டில் கவலையில்லை. மாடி என்றால் தொட்டிகளைத் தள்ளித் தள்ளி, சுவரோரமாக, உத்தரங்களுக்குக் குறுக்காக வைக்க வேண்டும். கட்டடப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறு தொட்டிகளை இறக்கி, சமப்படுத்தி, நிரப்பி, மீன் விடுவதற்கு நான்கு பேருக்கு அரைநாள் ஆகும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் குழாயில் நீர் நிரம்புவதற்கே 70 நிமிடத்துக்கு மேல் ஆகும். ட்ரெய்லருக்கு அதே குழாயில் இரண்டரை மணி நேரம்.

திறந்த வட்டத் தொட்டி

2.4 மீட்டர் விட்டம், 45 செ.மீ. ஆழம், 2,000 லிட்டர். மடக்கக்கூடிய சட்டமும் கெட்டியான வினைல் விரிப்புமாகக் கிடைப்பதால் காரிலேயே வைத்துக்கொண்டு போகலாம். அமைப்பதற்கு எளிது, குழந்தைகளுக்கு நேரடி மகிழ்ச்சி. ஆனால் இதை மட்டும் வைத்து நன்னீர் மீன் காட்சி நடத்துவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. மீன்களின் முதுகு மேலிருந்து பார்க்கும் பறவைக்குத் தெரியாதபடி மங்கலாகவே அமைந்தது. பக்கவாட்டு நிறமும் துடுப்பின் அசைவும் வாயின் அமைப்பும் மேலிருந்து தெரியா. மேலிருந்து பார்ப்பதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட கோய் கெண்டை இதற்கு விலக்கு.

தொட்டுப் பார்க்க விடுவதா என்ற கேள்வி இங்கேதான் எழும். மீனின் உடலைப் போர்த்திய வழுவழுப்புதான் அதன் முதல் தற்காப்பு. உலர்ந்த கையால் பலமுறை தொட்டால் அது உரிந்து, சில நாளில் பூஞ்சை பிடிக்கும். கையில் பூசிய கொசுவிரட்டியும் வெயில் களிம்பும் நீரில் கலக்கும்; பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மீனுக்கு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. கெளுத்தியின் மார்புத்துடுப்பு முள் விரலைக் கிழிக்கும். மீன்நீரில் சால்மோனெல்லாவும், தோலில் ஆறாத புண் உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் மெரினமும் இருக்கலாம். தொட வைக்க விரும்பினால் நத்தை, மட்டி, உலர்ந்த செதில், தாடை எலும்பு ஆகியவற்றைத் தனித் தட்டில் வையுங்கள். பக்கத்தில் சோப்போடு கைகழுவும் இடம் கட்டாயம். வட்டத் தொட்டி வைத்தால் ஒருவர் நொடியும் அகலாமல் அங்கேயே நிற்க வேண்டும். தவழும் குழந்தைக்கு 45 செ.மீ. நீர் ஆபத்தான ஆழம்.

நிகழ்விட நீர் சரியாக இருந்தால்தான்

மீன் மட்டும் பயணம் செய்யும் அமைப்பில் வெற்றியும் தோல்வியும் அந்த இடத்து நீரில்தான் இருக்கிறது. குழாய்நீரில் குளோரின் இருந்தால் 1 மி.கி. குளோரினை நீக்க ஏறத்தாழ 7 மி.கி. சோடியம் தயோசல்ஃபேட் வேண்டும். லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் உள்ள நீரில் 1,000 லிட்டருக்கு 14 கிராம். ஒரு குவளை நீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் கலக்கிவிட்டு, மறுபடி சோதியுங்கள். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைனைச் சேர்க்கும் இடமானால் தயோசல்ஃபேட் குளோரினை மட்டும் நீக்கி அம்மோனியாவை மிச்சம் வைக்கும். அம்மோனியாவையும் கட்டும் மருந்து தேவை. ஆழ்துளைக் கிணற்று நீர் வேறு வகைச் சிக்கல். அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமிலவாயு அதிகம், சில இடங்களில் நைட்ரஜன் மிகையாகக் கரைந்து மீனின் இரத்தத்தில் குமிழியை உண்டாக்கும். முந்தின நாள் மாலையே நிரப்பி, இரவு முழுதும் குமிழி விடும் காற்றுக்கல் ஓட விடுவதுதான் வழி.

பயணத்துக்கு முன் 24 முதல் 48 மணி நேரம் தீனி நிறுத்துங்கள். பயணத் தொட்டியில் லிட்டருக்கு 30 முதல் 40 கிராம் மீன் என்ற அளவைக் காட்சி மீன்களுக்குத் தாண்ட வேண்டாம். 10 கிலோ மீனுக்கு 300 லிட்டர் தாராளம். லிட்டருக்கு 3 கிராம் என்று அயோடின் சேர்க்காத உப்பைக் கரைத்தால் உடலின் உப்புச்சமநிலை காக்கப்படும். ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தாலும் சாதாரணக் காற்றுக்கல் ஒன்றும் ஓடட்டும், மூடியில் துளையும் இருக்கட்டும். தூய ஆக்சிஜனின் நுண்குமிழிகள் மூச்சுக்கு உதவும், ஆனால் மீன் வெளியிடும் கரியமிலவாயுவை வெளியேற்றாது.

மீன்களைப் பையில் அடைத்துக் கொண்டுவந்தால், நீண்ட பயணத்தின் முடிவில், நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு மீனைக் கொல்லும். மூடிய பையில் கரியமிலவாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால் அங்குள்ள அம்மோனியா பெரும்பாலும் நஞ்சற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்து மணிக்கணக்கில் புது நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பிஹெச் ஏறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறும். பையை மூடியபடியே மிதக்க விட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள்; பிறகு திறந்ததும் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையால் எடுத்துப் புது நீரில் விடுங்கள். பைநீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

அம்மோனியாவை நுண்ணுயிரிகளால் நீக்கும் உயிரியல் ஃபில்டர் ஒருநாள் காட்சிக்குத் தேவையா? கணக்குப் போட்டால் தெரியும். 1 கிலோ தீனியிலிருந்து சுமார் 30 கிராம் அம்மோனியா வரும். 240 லிட்டரில் 1 கிலோ மீனுக்கு 10 கிராம் தீனி போட்டால் ஒரு நாளில் லிட்டருக்கு 1.25 மி.கி. பிஹெச் 7, 25 டிகிரியில் அதில் நஞ்சான பகுதி அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பாதுகாப்பு எல்லையாகக் கொள்ளும் 0.02 மி.கி.க்குக் கீழே. பிஹெச் 8 ஆனால் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டும், எல்லையை மூன்று மடங்கு மீறும். ஆகவே ஒருநாள் என்றால் தீனி போடாமல், மாலையில் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றினால் போதும். மூன்று நாள் காட்சிக்கு, தங்குமிடத் தொட்டியில் ஆறு வாரம் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்கள் கூடவே வர வேண்டும். அவற்றைக் காற்றோட்டமுள்ள வாளியில் கொண்டுவாருங்கள். ஓட்டம் நின்ற மூடிய ஃபில்டர் பெட்டிக்குள் அடைத்து வைத்தால் சில மணி நேரத்தில் நுண்ணுயிரிகள் மூச்சுத் திணறிச் செத்து, மறுபடி ஓட்டும்போது அந்த அழுகலே தொட்டிக்குள் வரும்.

வெப்பம் ஏறினால்: 1,000 லிட்டரை 1 டிகிரி இறக்க ஏறத்தாழ 10 கிலோ ஐஸ் வேண்டும். மூடிய பாட்டிலில் உறைய வைத்து மிதக்க விடுங்கள், குளோரின் கலக்காது. 3,000 லிட்டர் ட்ரெய்லர்த் தொட்டியை 5 டிகிரி இறக்க 150 கிலோ ஐஸ் தேவைப்படும் என்பதால் அங்கே சில்லர் தவிர வேறு வழியில்லை. அதற்கு ஜெனரேட்டர் வைத்தால் ட்ரெய்லரின் மேல் அல்ல, தரையில் ரப்பர் பாயின்மேல் வையுங்கள்.

காரணம் அதிர்வு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையை உட்காதோடு இணைக்கும் சிறு எலும்புத் தொடர் உண்டு. மற்ற பல மீன்களைவிட அவற்றுக்குக் காது கூர்மை. மேடை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் அவை மூலையில் ஒடுங்கும், நிறம் வெளுக்கும். இடம் ஒதுக்குபவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மின்னிணைப்பு எதுவானாலும் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பான் வழியாகவே வரட்டும். வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி ஏற வேண்டும், வழியும் நீர் அங்கே சொட்டிவிடும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் தொட்டிக்கு ஒன்று. ஹீட்டர் இருந்தால் நீரை வடிப்பதற்குக் கால்மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள். சூடாக வெளியே வந்தால் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் வெடிக்கும்.

எந்த மீன், எந்த அமைப்பில்

விளிம்பு வரை நிரப்பி மூடிய தொட்டியில் விராலைக் கொண்டுபோனால் அது மூழ்கிச் சாகும். விரால், பனையேறி போன்றவை மேலே வந்து காற்றைக் குடித்து வாழ்பவை. அவற்றுக்கு ஆழம் குறைந்த நீர், மேலே கையளவு காற்றிடம், எம்பித் திறக்க முடியாத மூடி. சிறு தொட்டி வரிசையில் இவற்றுக்குத் தனி இடம் கொடுக்கலாம், ஆக்சிஜன் குறைந்தாலும் கடைசிவரை நிற்பவையும் இவையே. ட்ரவுட் இதற்கு நேரெதிர். 15 டிகிரி நீரில் லிட்டருக்கு 10 மி.கி. வரை கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். சில்லர் இல்லாத அமைப்பில் ட்ரவுட் வைக்க வேண்டாம். வலசை மீன்களும் எளிதில் மிரளும் கூட்டமீன்களும் ட்ரெய்லரின் அகலத்தில்தான் இயல்பாக நீந்தும்.

எங்கள் தேர்வு

புதிதாகத் தொடங்கும் குழு எதுவானாலும் சிறு தொட்டிகளில் தொடங்கட்டும். ஆறுகூட வேண்டாம், நான்கு போதும். ஆண்டுக்கு இருபத்தைந்து காட்சி நாளைத் தாண்டி, ஓட்டுநரும், நிழலான நிறுத்துமிடமும், பெரிய மீன்கள் மீதி நாள்களில் வாழ ஒரு நிலையான குளமோ தொட்டியோ இருந்தால்தான் ட்ரெய்லர் பொருந்தும். பெரிய மீனை ஆண்டு முழுதும் ட்ரெய்லரிலேயே வைத்திருப்பது மீனுக்குக் கொடுமை. வட்டத் தொட்டி, முதல் இரண்டில் ஒன்றோடு துணையாக வரட்டும். குழாய்நீரே இல்லாத திடலானால் ட்ரெய்லரை மறந்துவிட்டு, மூன்று சிறு தொட்டிகளுக்கான 720 லிட்டரைக் குறுக்குத் தடுப்புள்ள பிளாஸ்டிக் தொட்டியில் ஏற்றிச் செல்லுங்கள்.

திரும்பும்போது நீரைப் பக்கத்துக் குளத்திலோ ஓடையிலோ, அவற்றில் போய்ச் சேரும் வடிகாலிலோ விடாதீர்கள். மீன் நோய்க்கிருமியும் நத்தை முட்டையும் அதில் இருக்கும். புல்தரையில் பரவலாக ஊற்றலாம். வலை, வாளி, குழாய்களை லிட்டருக்கு 200 மி.கி. குளோரின் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தயோசல்ஃபேட் நீரில் அலசி, வெயிலில் காய வையுங்கள். ஊரில் இருக்கும் மீன்களோடு, காட்சிக்குப் போய்வந்தவற்றை உடனே சேர்க்காமல் இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளியும் துடுப்பழுகலும் பயணக் களைப்பில் இருக்கும் மீனில்தான் முதலில் தலைகாட்டும்.